ஒரு பைசாவிலிருந்து ஆண்டுச் சந்தா வரை: டேப்பில் எழுதும் மனுவின் உண்மையான விலை

கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கும். அப்படி ஒரு திங்கட்கிழமை, நாங்கள் வேலை செய்யும் ஒரு குடியிருப்பிலிருந்து ஏழு பேர் மனுவோடு கிளம்பினோம். சுடுகாட்டுக்குப் போகும் பாதையை ஒருவர் வேலி போட்டு மறித்துவிட்டார். அதை எடுக்க வேண்டும் என்பதுதான் மனு. முந்தின நாள் இரவே டேப்பில் தட்டச்சு செய்து வைத்திருந்தோம். டேப், வெளியூரில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் எங்கள் மாலை நேர மையத்துக்கு வாங்கித் தந்தது.

பேருந்தில் வரும்போது மனுவை வாசித்துக் காட்டினோம். கூட வந்த தாத்தா ஒருவர், சர்வே நம்பரில் இரண்டு எண்கள் இடம் மாறியிருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். திருத்துவதற்காக ஆப்பைத் திறந்தால், “உங்கள் சோதனைக் காலம் முடிந்துவிட்டது” என்றது. கோப்பைப் படிக்கலாம், திருத்த முடியாது. திருத்த வேண்டுமென்றால் ஓராண்டுச் சந்தா கட்ட வேண்டும். அந்த அவசரத்தில் அவ்வளவு பணம் எங்கள் யார் கணக்கிலும் இல்லை. கடைசியில் அலுவலகத்துக்கு வெளியே மனு எழுதுபவரிடம் நூறு ரூபாய் கொடுத்துக் கையால் எழுதி வாங்கினோம்.

அந்தத் தாத்தா சொன்னதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். “ஏ தம்பி, படிக்கக் காட்டுது, திருத்த விடமாட்டேங்குது. இது நம்ம பழைய கணக்குப்பிள்ளை மாதிரில்லா இருக்கு.”

எல்லோரும் சிரித்தோம். ஆனால் வீடு திரும்பிய பிறகும் அந்தப் பேச்சு விடவில்லை. கைக்கணினியில் ஓர் அலுவலக ஆப் இருப்பதற்கு நாம் கொடுக்கும் உண்மையான விலை என்ன? எழுதும் கருவிக்கும் ஆவணத்துக்கும் ஒடுக்கப்பட்ட மக்கள் இதுவரை என்ன விலை கொடுத்து வந்திருக்கிறார்கள் என்ற வரலாற்றைப் பார்க்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

கணக்கு யார் வீட்டில் இருந்தது?

இன்றைய மாணவர்கள் பலருக்குக் கர்ணம், கணக்குப்பிள்ளை என்ற பதவி தெரியாது. ஊரில் எந்த நிலம் யாருடையது, எவ்வளவு தீர்வை, எது புறம்போக்கு, எது நத்தம் என்று எழுதி வைக்கும் அதிகாரம் அவரிடம் இருந்தது. தகப்பனுக்குப் பின் மகன் என்று வந்த பரம்பரைப் பதவி அது. பெரும்பாலான ஊர்களில் கணக்குகள் கர்ணத்தின் வீட்டிலேயே இருந்தன. அந்த வீட்டுத் திண்ணையில் நம் ஆட்கள் ஏற முடியாது. தெருவில் நின்று கேட்டு, அவர் சொல்வதை நம்பி வர வேண்டும்.

இதில் ஒரு கொடுமையான முரண் உண்டு. எல்லைக்கல் எங்கே இருக்கிறது, மடை எங்கே பிரிகிறது என்பதை ஊரிலேயே நன்றாக அறிந்தவர்கள் வெட்டியான், தலையாரி வேலை பார்த்த நம் முன்னோர்கள்தான். நிலத்தை அளக்கும்போது முன்னால் நடந்து எல்லையைக் காட்டியவர்கள் அவர்கள். ஆனால் அந்த அறிவு ஏட்டில் ஏறியபோது, ஏடு அவர்கள் கைக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டது.

பஞ்சமி நிலத்தின் கதையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையின் தொடர்ச்சியாக, 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம் என்ற நிபந்தனைகளும் இருந்தன. ஆணை இருந்தது, நிபந்தனை இருந்தது. இருந்தும் நிலம் கை மாறியது. பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்க முடியாதவர்களிடமிருந்தும், படித்தாலும் கணக்கைத் திருத்தச் சொல்ல முடியாதவர்களிடமிருந்தும் போனது. இன்றும் பஞ்சமி நில மீட்பில் முதல் வேலை பழைய ஆவணத்தைத் தேடிப் பிடிப்பதுதான்.

1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கிராம அதிகாரிகளின் பதவிகளை அவசரச் சட்டத்தின் மூலம் ஒழித்தது. பாதிக்கப்பட்டவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1982இல் நீதிமன்றம் அந்த ஒழிப்புச் சட்டம் செல்லும் என்றது. அதன்பின் தேர்வு எழுதி, இடஒதுக்கீட்டின் மூலம் விஏஓவாக நம் பிள்ளைகளும் வந்தார்கள். ஊர்க் கணக்கு ஒரு குடும்பத்தின் சொத்தாக இருந்த நிலை சட்டப்படி முடிந்தது.

தாத்தா நினைவுபடுத்தியது அந்தக் காலத்தைத்தான். நம் ஆவணம் அடுத்தவர் வீட்டில் இருக்கும், அவர் விரும்பினால் காட்டுவார். அதில் மாற்றம் வேண்டுமென்றால் அவருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்க வேண்டும்.

பத்திரிகையின் பெயரே விலையாக இருந்த காலம்

நம் முன்னோடிகள் எழுத்தின் செலவை நன்றாக அறிந்திருந்தார்கள். அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து தொடங்கிய வார இதழின் பெயர் ‘ஒரு பைசாத் தமிழன்’. விலையையே பெயராக வைத்தார். ஓராண்டுக்குப் பின் அது ‘தமிழன்’ ஆயிற்று. கையில் ஒரு பைசா உள்ளவனும் வாசிக்க வேண்டும் என்பது அந்த இதழின் முகப்பிலேயே இருந்தது. அதற்கு முன் 1893இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கியிருந்தார். 1920 ஜனவரி 31 அன்று அம்பேத்கர் ‘மூக்நாயக்’ தொடங்கியபோது, பணம் கட்டி விளம்பரம் போடுகிறோம் என்று கேட்டும் ‘கேசரி’ பத்திரிகை மறுத்தது. காசு இருந்தாலும் அடுத்தவர் அச்சகம் நம் எழுத்துக்கு இடம் தராது என்பது அப்போதே தெரிந்த பாடம். சொந்த அச்சகமும் சொந்த இதழும் வேண்டும் என்று அவர்கள் அலைந்ததற்கு இதுதான் காரணம்.

அச்சுக்குப் பின் தட்டச்சு வந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்த ஆர். முத்தையா தமிழுக்கான தட்டச்சுப் பொறியை வடிவமைத்தார். பிற்காலத்தில் திருநெல்வேலி ஜங்ஷனிலும் பாளையங்கோட்டையிலும் அம்பாசமுத்திரத்திலும் டைப்பிங் இன்ஸ்டிடியூட்டுகள் பெருகின. லோயர், ஹையர் என்று தேர்வு எழுதி அரசு அலுவலகத்தில் தட்டச்சராகப் போவது, முதல் தலைமுறையாகப் படித்த நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வழியாக இருந்தது. அம்மா களை எடுத்த கூலியில் மாதக் கட்டணம் கட்டி டைப்பிங் படித்தவர்கள் எங்கள் அமைப்பிலேயே இருக்கிறார்கள்.

அந்தப் பொறியின் ஒரு குணத்தைக் கவனியுங்கள். வாங்கும்போது ஒரு முறை விலை. பிறகு ரிப்பன், எண்ணெய், அவ்வப்போது பழுது பார்க்கும் கூலி. அதில் அடித்த காகிதம் அடித்தவருக்கே சொந்தம். தட்டச்சுப் பொறி செய்த நிறுவனம் மூடப்பட்டாலும், அந்தக் காகிதத்தை ஐம்பது ஆண்டுகள் கழித்து எடுத்துப் படிக்கலாம்.

1999: ஒரே ஆண்டு, இரண்டு செய்திகள்

1999 பிப்ரவரியில் சென்னையில் ‘தமிழ்நெட் 99’ மாநாடு நடந்தது. கணினித் தமிழுக்கு ஒரு பொதுவான விசைப்பலகை வேண்டும், எழுத்துருக்களுக்கு ஒரு பொதுவான குறியீடு வேண்டும் என்று பேசினார்கள். தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் என்ற குறியீடுகளும் அதிலிருந்து வந்தன.

அதே ஆண்டு ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலி உயர்வுக்காகவும், போராடிச் சிறையில் இருந்த தொழிலாளர்களின் விடுதலைக்காகவும் ஓர் ஊர்வலம் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி வந்தது. டாக்டர் கிருஷ்ணசாமியும் பிற கட்சித் தலைவர்களும் முன்னால் வந்தார்கள். அவர்கள் செய்ய வந்த வேலை மனு கொடுப்பது. கொக்கிரகுளத்தில் போலீஸ் தடியடி நடத்தியது. தப்பிக்க ஆற்றில் இறங்கியவர்களும் விடப்படவில்லை. ஒரு குழந்தை உட்பட 17 பேர் தாமிரபரணியில் உயிரிழந்தார்கள். நீதிபதி மோகன் ஆணையம் பெரும்பாலோர் நீரில் மூழ்கி இறந்தார்கள் என்று சொல்லி முடித்தது. அன்று நடந்ததை மக்கள் மறக்காமல் இருப்பதற்கு ஆர்.ஆர். சீனிவாசனின் ‘நதியின் மரணம்’ ஆவணப்படம் ஒரு முக்கியக் காரணம். அரசின் ஏட்டுக்கு வெளியே ஒரு பதிவு இருந்ததால்தான் ஆணையத்தின் அறிக்கையோடு கதை முடியவில்லை.

அந்த ஆண்டுகளின் ஆவணங்களை நாங்கள் சில காலமாகச் சேகரித்து வருகிறோம். துண்டறிக்கைகள், கூட்டத் தீர்மானங்கள், உண்மை அறியும் குழுக்களின் வரைவுகள். காகிதத்தில் இருப்பவற்றைப் படிக்க முடிகிறது. கணினியில் தட்டச்சு செய்து பிளாப்பியிலும் சிடியிலும் வைத்தவைதான் சிக்கல். பிளாப்பியைப் படிக்கும் பொறி கிடைத்து, கோப்பைத் திறந்தாலும், திரையில் பொருளில்லாத ஆங்கில எழுத்துகள்தான் ஓடுகின்றன. காரணம், அன்று ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனிக் குறியீட்டில் தமிழ் எழுத்துரு விற்றது. பாமினியில் அடித்ததை வானவில்லில் படிக்க முடியாது, வானவில்லில் அடித்ததை ஸ்ரீலிபியில் படிக்க முடியாது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் கோப்பு குப்பை. டேப்பில் பழைய எழுத்துருவை ஏற்றிப் பார்ப்பது இன்னும் கடினம்.

2010 ஜூனில் கோவை செம்மொழி மாநாட்டின்போதுதான் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்16 குறியீட்டையும் தரமாக ஏற்று ஆணை வெளியிட்டது. இடைப்பட்ட பத்தாண்டுகளில் தலித் இயக்கங்கள் எழுதிய எவ்வளவோ பக்கங்கள் இப்படி ஊமையாகிக் கிடக்கின்றன. எழுத்துரு வாங்கியபோது ரசீதில் இல்லாத விலை இது. பத்தாண்டு கழித்து வசூலிக்கப்பட்டது.

எல்காட்டில் ஒரு தலித் அதிகாரி

அலுவலக மென்பொருளின் விலை பற்றிய கேள்வியைத் தமிழ்நாட்டில் அரசுக்குள் இருந்தே எழுப்பியவர் ஒரு தலித் ஐஏஎஸ் அதிகாரி என்பது நம் மாணவர்களுக்கு அதிகம் சொல்லப்படவில்லை. சி. உமாசங்கர் 1990ஆம் ஆண்டுத் தொகுதியைச் சேர்ந்தவர். 1999க்குப் பின் திருவாரூர் ஆட்சியராக இருந்து, வட்டாட்சியர் அலுவலகங்களின் வேலைகளைக் கணினிக்குக் கொண்டுவந்தவர். நாம் மேலே பேசிய நிலக் கணக்கு, சாதிச் சான்றிதழ், ஓய்வூதிய விண்ணப்பம் எல்லாம் அதில் அடக்கம்.

2006க்குப் பின் அவர் அரசின் எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, அந்த அலுவலகத்தின் கணினிகள் விண்டோஸிலிருந்து சூசே லினக்ஸுக்கும், கட்டணம் கட்ட வேண்டிய அலுவலக மென்பொருளிலிருந்து ஓப்பன் ஆபீஸுக்கும் மாற்றப்பட்டன. அரசுப் பள்ளிகளுக்கு வாங்கும் கணினிகளிலும் இந்தப் பாதையைக் கொண்டுவர முயன்றார். காரணம் எளிமையானது. ஒவ்வொரு கணினிக்கும் உரிமக் கட்டணம் கட்டினால் பொதுப்பணம் எவ்வளவு போகும், அதே பணத்தில் இன்னும் எத்தனை கணினி வாங்கலாம் என்ற கணக்கு.

2010 ஜூலையில் அவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். பொய்யான பட்டியல் சாதிச் சான்றிதழ் கொடுத்து வேலைக்கு வந்தார் என்பது குற்றச்சாட்டு. முறைகேடுகளை வெளிக்கொண்டு வந்ததற்காகப் பழிவாங்கப்படுகிறேன் என்றார் அவர். தலித் அமைப்புகளும் மனித உரிமை அமைப்புகளும் தெருவுக்கு வந்தன. ஆகஸ்டில் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. லினக்ஸுக்காகத்தான் அவர் மீது நடவடிக்கை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஆனால் இருபது ஆண்டுகள் பணி செய்த ஓர் அதிகாரியை நெருக்க வேண்டும் என்றபோது, கையில் எடுக்கப்பட்டது அவருடைய சாதிச் சான்றிதழ். நம்மில் எவ்வளவு பெரிய பதவிக்குப் போனவரையும் ஒரு காகிதத்தை வைத்துக் கேள்வி கேட்க முடியும் என்பதை மனதில் வையுங்கள். ஆவணம் நமக்கு உயிர் என்று சொல்வது மிகையல்ல.

2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்கள் கையில் முதன்முறையாகச் சொந்தக் கணினி வந்தது. தாமிரபரணிக் கரையின் பல குடியிருப்புகளில் அதுதான் தெருவுக்கே முதல் கணினி. இந்தத் திட்டத்தைக் குறை சொல்பவர்களோடு நாங்கள் இல்லை. அதில் எந்த இயங்குதளம் இருக்க வேண்டும் என்பது பெரிய விவாதமானது. கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் போராடினார்கள். விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அந்தக் கணினிகளில் வந்தது. ஆனால் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. பிள்ளைகள் விண்டோஸையே திறந்தார்கள், திருட்டு நகல் ஆபீஸைப் பதித்துக்கொண்டார்கள். 2014இல் விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியபோது, பாஸ் லினக்ஸுக்கு மாறும்படி தமிழக அரசு தன் துறைகளுக்குச் சொன்னது. அதுவும் பெரிதாக நடக்கவில்லை.

செங்கோட்டையைத் தாண்டி மலைக்கு அந்தப் பக்கம் போனால் கேரளம். அங்கே ‘ஐடி அட் ஸ்கூல்’ திட்டம் 2000களிலேயே பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், பாடநூலை அதற்கேற்ப எழுதினார்கள், பத்தாம் வகுப்புத் தகவல் தொழில்நுட்பத் தேர்வையே அதில் நடத்தினார்கள். இன்றும் அது தொடர்கிறது. கருவியைக் கொடுத்ததோடு நிற்காமல் பழக்கத்தையும் உருவாக்கியதுதான் வேறுபாடு.

இப்போது டேப்

2025-26 நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி தருவதாகத் தமிழக அரசு அறிவித்தது. ஆகவே இந்தக் கேள்வி இனி எங்கள் மையத்துக்கு மட்டும் உரியதல்ல.

டேப் பழைய மடிக்கணினி போன்றதல்ல. மடிக்கணினியில் விரும்பிய மென்பொருளை ஏற்றலாம், இயங்குதளத்தையே மாற்றலாம். டேப்பில் பெரும்பாலும் கடைக்காரர் திறந்து வைத்திருக்கும் வாசல் வழியாகத்தான் ஆப் உள்ளே வரும். அலுவலக ஆப்களின் வியாபாரமும் அதற்கேற்ப மாறியது. மைக்ரோசாப்ட் 2014 மார்ச்சில் ஐபேடுக்கான ஆபீஸை வெளியிட்டபோது, கோப்பைப் படிப்பது இலவசம், திருத்துவதற்குச் சந்தா என்று வைத்தது. அதே ஆண்டு நவம்பரில் சாதாரணத் திருத்தங்களை இலவசமாக்கியது. ஆனால் அந்த நிறுவனம் ஒரு கோடு போட்டிருக்கிறது: திரை 10.1 அங்குலத்துக்கு மேல் இருந்தால் திருத்தச் சந்தா வேண்டும். ஒரே ஆப், ஒரே கோப்பு. திரை கொஞ்சம் அகலமானால் கட்டணம். டேப் வாங்கும்போது கடையில் இதை யாரும் சொல்வதில்லை.

கூகுளின் ஆப்களுக்குச் சந்தா இல்லை. ஆனால் மின்னஞ்சல், படங்கள், கோப்புகள் எல்லாம் சேர்ந்து 15 ஜிபி வரைதான் இடம். களத்தில் எடுக்கும் படங்களும் காணொளிகளும் அதைச் சீக்கிரம் நிரப்பிவிடும். பிறகு மாத வாடகை. இன்னும் சில ஆப்கள் இலவசம் என்று வந்து விளம்பரத்தால் நிரப்பும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஆப்புக்கு ஆண்டுச் சந்தா 5,000 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். 2025-26இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் ஒரு நாள் கூலி 336 ரூபாய். ஓராண்டுச் சந்தா என்பது ஏறத்தாழ 15 நாள் கூலி. டேப் ஐந்தாண்டு உழைத்தால் 75 நாள் கூலி. அதில் தட்டச்சு செய்யத் தனி விசைப்பலகை, வாய்ஸ் டைப்பிங்குக்கும் கோப்பை ஏற்றி இறக்கவும் மாதாமாதம் டேட்டா ரீசார்ஜ். இலவசமாக வந்த டேப்பின் விலை இது.

பணத்தைவிடப் பெரியது காலம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி 60 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். நடைமுறையில் ஒரு வழக்கு எவ்வளவு காலம் இழுக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். நிவாரணத் தொகையே வழக்குப் பதிவு, குற்றப்பத்திரிகை, தீர்ப்பு என்று கட்டம் கட்டமாகத்தான் வரும். முதல் நாள் எழுதிய வாக்குமூலக் குறிப்பு எட்டாம் ஆண்டு குறுக்கு விசாரணையின்போது தேவைப்படும். சந்தா ஓராண்டுக்கு, வழக்கு பத்தாண்டுக்கு. மாணவராக இருந்தபோது கல்லூரி கொடுத்த கணக்கில் எழுதியவை, படிப்பு முடிந்து கணக்கு மூடப்பட்டதும் போய்விட்டதாக எங்களிடம் வந்து வருந்தியவர்கள் உண்டு.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்

ஆகவே எல்லாவற்றையும் விட்டுவிட்டு நோட்டுப் புத்தகத்துக்குத் திரும்புவோம் என்று சொல்லவில்லை. கொடியங்குளத்தை நினைத்துப் பாருங்கள். 1995 ஆகஸ்ட் 31 அன்று போலீஸ் புகுந்தபோது வீடுகளும் பொருட்களும் மட்டும் நாசமாகவில்லை. படித்த பிள்ளைகளின் சான்றிதழ்களும், வெளிநாட்டு வேலைக்காக எடுத்த பாஸ்போர்ட்டுகளும் அழிக்கப்பட்டன. 2012 நவம்பரில் தருமபுரி நத்தம் குடியிருப்பு எரிந்தபோதும் சான்றிதழ்கள் சாம்பலாயின. நம் ஆவணம் நம் வீட்டில் மட்டும் இருப்பதும் ஆபத்துதான். தீ வைப்பவனுக்கு எட்டாத இடத்தில் ஒரு நகல் இருப்பது நமக்குத் தேவை. இணையச் சேமிப்பு அதைக் கொடுக்கிறது.

இன்னொன்றும் உண்டு. எழுதத் தெரியாத ஓர் அம்மா டேப்பைப் பார்த்துத் தமிழில் பேசுகிறார். அவர் சொல் எழுத்தாக வருகிறது. இடையில் மனு எழுதுபவர் இல்லை. தன் மனுவைத் தானே சொல்லி, வாசிக்கக் கேட்டு, “அப்படி இல்ல, அவன் என் பேரைச் சொல்லல, சாதியைச் சொல்லித்தான் கூப்பிட்டான்” என்று திருத்துகிறார். வழக்கு நிற்பதும் விழுவதும் அந்த ஒரு வரியில்தான். இதைச் சாதாரணமாக எண்ண முடியாது. ஆனால் அவர் குரலை எழுத்தாக்கும் கணினி பெரும்பாலும் எங்கோ ஒரு நிறுவனத்தில் இருக்கிறது. பாலியல் வன்முறையில் பாதிக்கப்பட்ட பெண்ணின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம் என்று சட்டம் சொல்லும்போது, அவருடைய வாக்குமூலத்தை எந்த ஆப்பில் பேச வைக்கிறோம் என்று நாம் யோசிக்க வேண்டும்.

எங்கள் மையத்தில் என்ன செய்கிறோம்

அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு உட்கார்ந்து பேசிச் சில வழக்கங்களை ஏற்படுத்தினோம். உங்களுக்கும் உதவலாம்.

முதலில், எழுதுவது எல்லாம் யூனிகோடில் மட்டும். பழைய எழுத்துருவில் உள்ளவற்றை மாற்றி எடுத்து, மூலத்தையும் கூடவே வைக்கிறோம்.

இரண்டாவது, மூலக் கோப்பை ஓடிஎஃப் வடிவத்தில் வைக்கிறோம். 2006இலேயே பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்ட வடிவம் அது. எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமல்ல. அரசு அலுவலகத்துக்கு அனுப்ப பிடிஎஃப் நகல் எடுத்துக்கொள்கிறோம்.

மூன்றாவது, மையத்தில் பழைய மடிக்கணினி ஒன்றில் லிப்ரே ஆபீஸ் போட்டிருக்கிறோம். உரிமக் கட்டணம் இல்லை, தமிழ் இடைமுகமும் உண்டு. 2010இல் ஓப்பன் ஆபீஸிலிருந்து பிரிந்து தன்னார்வலர்கள் வளர்த்தது. டேப்பில் அதே நிரல் அடிப்படையில் இயங்கும் கொலாபரா ஆபீஸைப் பயன்படுத்துகிறோம். உண்மையைச் சொன்னால் விலை குறைந்த டேப்பில் அது கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடுகிறது. பழகச் சில நாள் ஆகும். அந்தப் பொறுமையும் ஒரு விலைதான். ஆனால் ஒரு முறை கொடுப்பது.

நான்காவது, ஒவ்வொரு வழக்குக் கோப்புக்கும் மூன்று நகல். மையத்தில் ஒன்று, வேறோர் ஊரில் உள்ள தோழரிடம் பென் டிரைவில் ஒன்று, கடவுச்சொல் பூட்டோடு இணையத்தில் ஒன்று. முக்கியமானவற்றைக் காகிதத்திலும் எடுத்து வைக்கிறோம்.

கடைசியாக, ஆப்பைப் பதிக்கும் முன் மூன்று கேள்வி கேட்கிறோம். நாளைக்குப் பணம் கட்டாவிட்டால் என் கோப்பைத் திருத்த முடியுமா? இந்த நிறுவனம் இல்லாமல் போனால் வேறொன்றில் திறக்க முடியுமா? இதில் எழுதுவதை வேறு யார் படிக்க முடியும்?

கல்லூரி மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் கைக்கு டேப்போ மடிக்கணினியோ வரும்போது, அதில் உள்ள ஆப்களுக்கு எத்தனை ஆண்டுச் சந்தாவை அரசு கட்டியிருக்கிறது, அதன்பின் யார் கட்டுவது என்று கேளுங்கள். எழுதிக் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டற்ற மென்பொருளைக் கற்பிக்க ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுங்கள் என்ற கோரிக்கையையும் மாணவர் அமைப்புகள் கையில் எடுக்க வேண்டும். கல்வி உதவித்தொகை, விடுதி வசதி ஆகிய கோரிக்கைகளோடு சேர வேண்டிய கோரிக்கை இது.

சுடுகாட்டுப் பாதை மனு இன்னும் நடவடிக்கையில் இருக்கிறது. வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து நில அளவையர் ஒரு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார். அவர் வந்த அன்று எல்லைக்கல் இருந்த இடத்தைக் காட்டியது அந்தத் தாத்தாதான். அவர் சொன்னதை அங்கேயே டேப்பில் பதிவு செய்து, சரியான சர்வே நம்பரோடு தட்டச்சு செய்து, அன்று மாலையே பிரிண்ட் எடுத்து அவர் கையில் ஒரு நகல் கொடுத்தோம். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.